திரைக்கலைப் பள்ளியும் ஆட்டக்கலையும்

ஆடுதல் என்னும் வினை தமிழில் பரந்த பொருளுடையது. கூத்தும் ஆடப்படுவது, வட்டும் ஆடப்படுவது. வள்ளுவர் கூத்தாட்டு அவையையும் வட்டாட்டையும் இருவேறு குறள்களில் உவமையாக்குமிடத்து இவ்வொரு வினையையே ஆள்கின்றார். ஆங்கிலத்திலும் நாடகத்திற்கும் விளையாட்டிற்கும் 'பிளே' என்னும் சொல் பொதுவாய் நிற்கின்றது. சொல் ஒன்றாயினும் கல்விக்கூடம் இவ்விரண்டனையும் ஒன்றாக மதிக்கவில்லை. நாடகம் இலக்கியத்தோடு வைத்துக் கற்பிக்கப்பெற்றது. விளையாட்டோ வகுப்பு முடிந்த பின்னைக்கு விடப்பெற்றது. இன்று கணிப்பொறிவழி ஆடப்பெறும் ஆட்டங்களை வடிவமைக்கும் கலை, திரைப்படத்தோடும் தொலைக்காட்சியோடும் ஒருங்குவைத்துப் பல பல்கலைக்கழகங்களில் பயிலப்பெறுகின்றது. இச்சேர்க்கை எங்ஙனம் நேர்ந்தது, இதனால் ஆட்டக்கலை எய்தியது யாது, இழக்கக்கூடியதாய் இருந்தது யாது என்பவற்றைத் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழக வரலாற்றை முதன்மையாகக் கொண்டு ஈண்டு ஆராய்வாம்.

புதிய கலையொன்று பல்கலைக்கழகத்துள் நுழையுங்கால், தனக்கு மூத்த கலையொன்றன் மனையிலேயே முதற்கண் ஒதுங்குகின்றது. திரைப்படமும் அவ்வாறே நுழைந்தது. நியூயார்க்கு நகரத்துக் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தில் விக்டர் ஃபிரீபர்க் என்பார் 1915இல் திரைநாடகம் இயற்றும் முறை பற்றிப் பாடம் நடத்தத் தொடங்கினார். அதே 1915இல் அமெரிக்க உச்சநீதிமன்றம், ஓஹையோ மாநிலத் தணிக்கைச் சட்டம் பற்றிய வழக்கொன்றில், திரைப்படம் காட்டுதல் வணிகமேயன்றி வேறன்று, பேச்சுரிமைக் காப்பு அதற்கு இல்லை எனத் தீர்ப்பளித்தது. வகுப்பறை கலையெனக் கொண்டதனை மன்றம் கடைச்சரக்கெனக் கொண்டது. அக்கருத்து 1952ஆம் ஆண்டிலேயே கைவிடப்பெற்றது. கணிப்பொறி ஆட்டங்கட்கும் அக்காப்பு உண்டென அம்மன்றம் உரைத்தது 2011இல். அதற்கு ஏறத்தாழப் பத்தாண்டு முன்னரே ஆட்ட வடிவமைப்பு தென் கலிபோர்னியாவில் முதுகலைப் பாடமாகியிருந்தது. ஈரிடத்தும் கல்விக்கூடம் வழக்குமன்றத்தினும் முந்திக்கொண்டமை நோக்கத்தக்கது.

லாஸ் ஏஞ்சலிஸ் நகரத்திலுள்ள அப்பல்கலைக்கழகத்தில் திரைக்கல்வி 1929இல் தோன்றியது. ஆஸ்கார் பரிசு வழங்கும் கழகம் 1927இல் நிறுவப்பெற்றது. அக்கழகமும் பல்கலைக்கழகமும் கூடியே முதற்பாடத்தை அமைத்தன. கழகத்தின் முதல் தலைவரான நடிகர் டக்ளஸ் ஃபேர்பேங்ஸ் விரிவுரையாற்றியோருள் ஒருவர். தொழிலினர் தம் தொழிலுக்குப் புலமைத் தகுதி நாடினர்; பல்கலைக்கழகம் தன் வாயிலருகே வளர்ந்த பெருந்தொழிலைப் புறக்கணிக்க இயலாதாயிற்று. பின்னர்த் தொலைக்காட்சி வந்தது. 1980களில் அப்பள்ளி தன் பெயரிலேயே அதனையும் சேர்த்துக்கொண்டது. மூன்றாவதாக வந்தது ஆட்டம். 2002ஆம் ஆண்டளவில் ஊடாட்ட ஊடகத்துறை தோற்றுவிக்கப்பெற்றது. நாசாவின் ஏம்ஸ் ஆய்வகத்தில் மெய்ந்நிகர்க் காட்சிக் கருவிகளை 1980களில் ஆய்ந்த ஸ்காட் ஃபிஷர் அதன் முதல் தலைவர்.

இத்துறை தோன்றிய காலத்தில் அறிஞரிடையே ஒரு பூசல் நிகழ்ந்துகொண்டிருந்தது. இலக்கியத்துறையினர்க்கு அது பெரிதும் உரியது. ஏனெனில் பூசலிட்டோர் பலரும் இலக்கியம் கற்றவரே. ஆங்கில இலக்கியப் புலமையினரான ஜேனட் மரி 1997இல் வெளியிட்ட நூலில், கணிப்பொறியை வருங்காலக் கதைகூறுதலுக்கு உரிய அரங்காகக் கண்டார். நார்வே நாட்டு எஸ்பன் ஆர்செத் என்பாரும் அவ்வாண்டிலேயே தம் நூலை வெளியிட்டார். அவர் 2001இல் ஆட்ட ஆராய்ச்சிக்கென்றே ஓர் இதழைத் தொடங்கி, அதன் முதலிதழில், ஆட்டம் திரைப்படத்தின் வகையுமன்று, இலக்கியத்தின் வகையுமன்று. அவ்விரு துறைகளும் அதனைத் தம் குடியேற்றமாக்க முயல்கின்றன எனக் கடிந்தார். கதையை அளவுகோலாகக் கொள்வதா, விதியை அளவுகோலாகக் கொள்வதா என்பதே பூசலின் கரு. ஆர்செத்தின் அச்சம் வீணன்று. திரைப்பள்ளியில் தங்கிய ஆட்டம், இடையிடையே பொத்தான் அழுத்திப் பார்க்கும் படமாக முடிந்திருத்தல் கூடும்.

அவ்வாறு முடியாமைக்குக் காரணம் கற்பித்த முறையே என்பது எம் துணிபு. அத்துறையில் ஆசிரியராய் இருந்த டிரேசி ஃபுல்லர்டன், உடனாசிரியர் இருவரொடு கூடி 2004இல் ஆட்ட வடிவமைப்புப் பயிற்சி நூலொன்றை வெளியிட்டார். அம்முறையில் மாணாக்கர் முதலில் கணிப்பொறியைத் தொடுவதில்லை. தாள், அட்டை, காய், பகடை ஆகியவற்றைக் கொண்டு ஆட்டத்தின் விதிகளை அமைத்து, பிறரை ஆடச்செய்து, அருகிருந்து விளக்கம் கூறாது காண்கின்றனர். எவ்விடத்து ஆடுவோர் சலிக்கின்றனர், எவ்விடத்து மயங்குகின்றனர் என்று குறித்துக்கொண்டு விதியை மாற்றுகின்றனர், மீண்டும் ஆடச்செய்கின்றனர். படமும் ஒலியும் பின்னரே வருகின்றன.

இஃது எமக்கு மாஸ்கோவை நினைவூட்டுகின்றது. அங்கு 1919இல், உள்நாட்டுப்போர் நடந்த காலத்தில், அரசுத் திரைப்பள்ளி நிறுவப்பெற்றது. படச்சுருள் கிடைத்தல் அரிதாயிற்று. லெவ் குலெஷோவ் தம் பட்டறை மாணாக்கரைக் கொண்டு சுருளின்றியே படம் பயிற்றினார். காட்சிகளைத் துண்டு துண்டாக மேடையில் நடித்துக்காட்டச் செய்து, அவற்றை அடுத்தடுத்து வைக்கும் வகையைக் கற்பித்தார். புதோவ்கின் அவர் மாணாக்கருள் ஒருவர். சுருளில்லாக் குறையால் திரைக்கலையின் உயிர் நடிப்பன்று, துண்டுகளின் தொடுப்பே என்பது தெளிவாயிற்று. கலிபோர்னியாவில் எவ்வறுமையும் இல்லை. கருவியை வேண்டுமென்றே விலக்கினர். விலக்கியபின் எஞ்சியது விதி. ஆட்டக்கலையின் உயிர் அதுவேயாம்.

இனிப் பயனை நோக்குவாம். ஷாங்காயில் பிறந்து அப்பள்ளியில் முதுகலை பயின்றவர் ஜெனோவா சென். 2005இல் அவரும் உடன்மாணாக்கரும் 'கிளவுட்' என்னும் ஆட்டத்தை ஆக்கினர். மருத்துவமனையில் கிடக்கும் சிறுவன் கனவிற் பறந்து முகில்களைத் திரட்டுவதே அதன் பொருள். பகைவரைக் கொல்லுதலை நம்பிய வணிக ஆட்டங்கள் மலிந்த காலத்தில் இது புதுவழி. அடுத்த ஆண்டில் தம் பட்ட ஆய்வின் பகுதியாக 'ஃப்ளோ' என்பதனைச் சென் ஆக்கினார். ஆடுவோர் தம் ஆற்றலுக்கேற்ப ஆட்டத்தின் கடுமையை ஆடும்போதே தெரிந்துகொள்ளுதல் இயலுமா என்பதே ஆய்வுப்பொருள். மிஹாய் சிக்சென்ட்மிஹாயி என்னும் உளவியலறிஞரின் கொள்கை அதற்கு அடிப்படை. கருத்தை ஏட்டில் எழுதியதோடு அமையாது, ஆடிப்பார்க்கத்தக்க சான்றாகவும் வைத்தார்.

2006இல் அவரும் அப்பள்ளியிற் பயின்ற கெல்லி சான்டியாகோவும் நிறுவிய குழு, 2012இல் 'ஜர்னி' என்னும் ஆட்டத்தை வெளியிட்டது. பாலையில் நடக்கும் ஆடுவோர் பெயரறியாத வழித்துணை ஒருவரை இணையவழிக் காண்பர். இருவர்க்கும் பேச்சில்லை, இசைக்குறிப்பொன்றே எழுப்பலாம். ஆக்கும் காலத்தில், ஒருவர் உடல் மற்றொருவர் உடலை முட்டித் தள்ளத்தக்கதாய் இருந்தது. ஒருவர்க்கொருவர் உதவுவர் என்று எதிர்பார்த்திருக்க, சோதித்து ஆடியோர் துணைவரைப் பள்ளத்தில் தள்ளி மகிழ்ந்தனர். ஆக்கியோர் அறிவுரை எழுதவில்லை, காட்சியையும் மாற்றவில்லை. முட்டித் தள்ளும் விதியை நீக்கி, அருகே வந்து தொட்டால் இருவரும் பறக்கும் ஆற்றல் பெறுவர் என வகுத்தனர். அதன்பின் ஆடியோர் பிரியாது ஒருங்கே நடந்தனர். திரை இயக்குநர் துண்டுகளைத் தொடுத்துப் பொருள் காண்கின்றார். ஆட்ட ஆசிரியர் விதியை மாற்றி ஒழுக்கத்தை விளைவிக்கின்றார். இவ்வேற்றுமையை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று எமக்குக் கிடைத்திலது. ஆயினும் பாலையின் ஒளியும் மலைமுகட்டின் நெடுந்தோற்றமும் திரைப்பள்ளியின் கொடை என்பதை மறுத்தல் அரிது.

திரைத்திறனாய்வாளர் ராஜர் ஈபர்ட் இவற்றை ஒப்பவில்லை. சான்டியாகோ ஆற்றிய உரையொன்றை மறுத்து, ஆட்டம் ஒருகாலும் கலையாகாதென 2010 ஏப்ரலில் எழுதினார். ஆடுவோர் முடிவைத் தெரிவு செய்யின் ஆசிரியரின் ஆட்சி கெடும் என்பது அவர் வாதம். சில திங்களுக்குப்பின், தாம் ஆடிப்பாராது அவ்வாறு எழுதியிருத்தல் கூடாதென அவரே ஒப்பினார். நூலைக் காணாது மறுப்பெழுதும் வழக்கம் நம்மிடையேயும் உண்டாதலின் இதனைக் குறித்தோம். ஆயினும் அவர் வாதம் எளிதிற் புறந்தள்ளத்தக்கதன்று. 'ஜர்னி'யில் துணைவரோடு நடப்பதா பிரிவதா என்பது ஆடுவோர் கையிலுள்ளது; அவ்விருவகைக்கும் இடம் வகுத்தது ஆசிரியர் கை. ஆட்சி கெடவில்லை, இடம் மாறியுள்ளது.

பிற வழிகளும் இருந்தன. கனடாவின் வான்கூவரில் டிஜிபென் நிறுவனம் 1994இல் நின்டெண்டோவின் துணையொடு ஆட்ட நிரலாக்கம் கற்பித்தது. ஸ்காட்லாந்தின் டண்டி நகரத்து ஏபர்டே பல்கலைக்கழகம் 1997இல் பட்டப்படிப்பு வகுத்தது. இவை பொறியியல் வழியின. தென் கலிபோர்னியாவிலும் பொறியியற் பள்ளி தனக்கென ஓர் ஆட்ட ஆய்வகம் கண்டது.

எம் மனத்தை உறுத்துவது வேறொன்று. திரைச்சுருளைப் பேணவேண்டும் என்னும் உணர்வில் நியூயார்க்கின் தற்காலக் கலை அருங்காட்சியகம் 1935இலேயே திரைப்பட நூலகம் கண்டது. 2012இல் அது பதினான்கு ஆட்டங்களைத் தன் தொகுதியிற் சேர்த்தது. 'ஃப்ளோ' அவற்றுள் ஒன்று. ஆயின் அவற்றைத் திரைப்படப் பிரிவில் வைக்காது கட்டடக்கலை வடிவமைப்புப் பிரிவில் வைத்தது. பல்கலைக்கழகம் கூத்தின் மனையில் வைத்ததனை அருங்காட்சியகம் கைவினையின் மனையில் வைத்தது. மாணாக்கராய்ச் சென் ஆக்கிய 'ஃப்ளோ' ஃபிளாஷ் என்னும் மென்பொருளில் இயங்கியது. அடோபி நிறுவனம் 2020 டிசம்பர் 31ஆம் நாள் ஃபிளாஷுக்குத் துணை நிறுத்தியது. இன்று அவர் ஆய்வேட்டின் எழுத்தைப் படிக்கலாம். அவ்வெழுத்துக்குச் சான்றாய் நின்ற அம்முதல் வடிவத்தை ஆடுவதற்கோ, பழைய பொறியைப் போலச் செய்யும் தனி மென்பொருளைத் தேடல் வேண்டும். சுவடி கரையானுக்கு இரையாகப் பல நூற்றாண்டு ஆயிற்று. இதற்கு வேண்டியிருந்தது பதினான்கு ஆண்டு.