மஅபர்க் கரையில் கண்டு வர வேண்டிய தலங்கள்

இராமேசுவரம் நோக்கி விரையும் வாகனங்கள் இராமநாதபுரத்தில் தேநீர் அருந்தும் நேரத்திற்கு மேல் நிற்பதில்லை. பாம்பன் பாலம், தனுஷ்கோடி மணல்வெளி, இராமநாதசுவாமி கோயிலின் நெடிய பிராகாரம் ஆகியவற்றையே சுற்றுலாப் பயணிகள் நாடிச் செல்கின்றனர். நம்மவர் வருவதாயின் ஏர்வாடி தர்காவில் ஜியாரத் செய்துவிட்டு அன்று மாலையே ஊர் திரும்பிவிடுகின்றனர். இவ்விரு கூட்டத்தாரும் கடந்து செல்லும் வழியோரத்திலேயே, எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னர் உலகப் பயணிகள் வியந்து எழுதி வைத்த துறைமுகக் கரை ஒன்று அமைதியாகக் கிடக்கிறது. அதனை அறிமுகம் செய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அரபு, பாரசீக வரலாற்றாசிரியர்கள் தமிழகத்தின் கிழக்குக் கரையை ‘மஅபர்’ என்று அழைத்தனர். கடந்து செல்லும் இடம், துறை என்பது இச்சொல்லின் பொருள். ஐன், பா, ரா என்னும் இதே மூன்று வேரெழுத்துகளிலிருந்துதான் ‘இப்ரத்’ என்ற சொல்லும் பிறக்கிறது. கண்டதைக் கொண்டு காணாததை உணரும் படிப்பினைக்கு அப்பெயர். கடத்தலும் கற்றலும் ஒரே வேரில் கிளைத்தவை என்பதை வகுப்பறையில் நாம் பல்லாண்டுகளாகக் கற்பித்து வருகிறோம். பூமியில் பயணம் செய்து பார்க்குமாறு திருமறை நம்மை அழைப்பதும் இத்தகைய படிப்பினையை முன்னிட்டே என்பதை வாசகர் அறிவர். ஆனால் நம் காலடியில் உள்ள மஅபரை நாம் கடந்து செல்கிறோமே அன்றி, அதிலிருந்து எதனையும் கற்பதில்லை.

திருப்புல்லாணி: கோயிலில் ஒரு பள்ளிவாசல்

இராமநாதபுரத்திலிருந்து கீழக்கரை செல்லும் சாலையில் சுமார் பத்துக் கிலோமீட்டர் தொலைவில் திருப்புல்லாணி உள்ளது. ஆதி ஜெகந்நாதப் பெருமாள் கோயிலால் அறியப்படும் வைணவத் திருப்பதி இது. இக்கோயிலில் உள்ள 13ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் காலக் கல்வெட்டு ஒன்று, பவித்திரமாணிக்கப்பட்டினத்தில் சோனகர்களுக்கு உரிய பிழார்ப்பள்ளி என்னும் பள்ளிவாசலுக்கு வழங்கப்பட்ட நிலக்கொடையைக் குறிப்பிடுகிறது. பள்ளிவாசலுக்கு அளித்த கொடையைப் பெருமாள் கோயிலில் பொறித்து வைத்தனர் என்பது ஆழ்ந்து நோக்கத்தக்கது. அக்காலத்தில் கோயில் வழிபாட்டிடமாக மட்டும் இருக்கவில்லை. அந்த வட்டாரத்தின் கொடை ஆவணங்களைக் காக்கும் இடமாகவும் அது விளங்கியது. சோனகரின் உரிமை அங்குப் பொறிக்கப்பட்டதாயின், அவ்வுரிமை ஊரறிந்த ஒன்று என்பதே பொருள். இராமநாதபுரத்து வரலாற்றறிஞர், மறைந்த டாக்டர் எஸ்.எம்.கமால் அவர்கள் இத்தகைய சான்றுகளைத் தமிழ் வாசகர் முன் வைப்பதில் ஆற்றிய தொண்டு நன்றியுடன் நினைவுகூரத்தக்கது.

சில ஆண்டுகளுக்கு முன் நம் மாணவர் சிலருடன் அங்குச் சென்றிருந்தோம். நம் தலைப்பாகையைக் கண்ட கோயில் ஊழியர் ஒருவர் அருகில் வந்து, வந்த காரியத்தைப் பணிவுடன் கேட்டார். கல்வெட்டைப் பற்றிக் கூறினோம். “அப்படியா பாய், பள்ளிவாசலுக்கு எழுதிக் கொடுத்தது எங்க கோயில்லயா இருக்கு?” என்று வியந்தார். நம்முடன் வந்த மாணவர்களுக்கும் அன்றுவரை அது தெரியாது. இரு தரப்பாரும் அறியாமலேயே இரு தரப்பாரின் ஆவணத்தையும் அக்கல் எழுநூறு ஆண்டுகளாகக் காத்து வந்திருக்கிறது. அங்குச் செல்வோர் கோயிலின் நெறிமுறைகளுக்கு உட்பட்டு, அலுவலகத்தில் கேட்டு, அனுமதிக்கப்படும் இடம் வரையில் சென்று வருதல் வேண்டும்.

பெரியபட்டினம்: மண்ணுக்கடியில் ஒரு துறைமுகம்

கல்வெட்டுக் கூறும் பவித்திரமாணிக்கப்பட்டினம், இன்று கடலோரத்தில் தென்னந்தோப்புகளுக்கு நடுவே உள்ள பெரியபட்டினமே என்பது ஆய்வாளர் கருத்து. இன்று அங்குச் செல்பவர் ஒரு கடற்கரைச் சிற்றூரையே காண்பார். ஆனால் 1980களில் ஜப்பானிய அறிஞர் நொபொரு கராசிமாவும் தமிழ்ப் பல்கலைக்கழகப் பேராசிரியர் எ.சுப்பராயலுவும் மேற்கொண்ட ஆய்வுகளில், அந்த மண்ணிலிருந்து சீனப் பீங்கான் ஓடுகள் ஏராளமாகக் கிடைத்தன. பச்சை மெருகிட்ட பாண்டங்களின் உடைசல்களும் வெண்பீங்கான் துண்டுகளும் அவற்றுள் இருந்தன. 14ஆம் நூற்றாண்டில் வாங் தாயுவான் என்னும் சீனப் பயணி தம் நூலில் குறித்துள்ள ‘தா பத்தன்’ என்ற துறை இதுவே என்று கராசிமா கருதினார். ‘தா’ என்பது சீன மொழியில் பெரியது எனப் பொருள்படும். எனவே அப்பெயர் பெரியபட்டினம் என்பதன் நேர் பெயர்ப்பாகவே அமைகிறது.

பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாப், மஅபரின் துறைகளாகப் பித்தன், மலீபித்தன், காயல் ஆகிய மூன்றையும் குறிப்பிட்டு, பாண்டிய மன்னரின் கீழ் அவை தகியுத்தீன் அப்துர் ரஹ்மானின் பொறுப்பில் இருந்தன என்கிறார். பாரசீக வளைகுடாவிலிருந்து கப்பல் கப்பலாகக் குதிரைகள் இங்கு வந்திறங்கின. 1340களில் மஅபர் வந்த இப்னு பதூதா, இங்கு ஆட்சி செய்த சுல்தான் கியாதுத்தீன் தாமகானிக்கு உறவினர். இருவரும் உடன்பிறந்த சகோதரியரை மணந்தவர்கள். பத்தன் என்னும் துறைநகரில் கல்லால் கட்டிய அழகிய பள்ளிவாசலையும், கடலுக்குள் பருத்த மரத்தூண்கள் மீது எழுப்பிய மாபெரும் மண்டபத்தையும், பகைவர் வரும்போது கப்பல்களை அதனுடன் பிணைத்து வில்லாளர் ஏறிக் காத்த முறையையும் அவர் விவரிக்கிறார். அங்கு விளைந்த திராட்சையையும் மாதுளையையும் கூட அவர் பாராட்டத் தவறவில்லை. இந்தப் பத்தன் பெரியபட்டினமே என்பார் சிலர். வேறு துறை என்பார் சிலர். முடிவு எதுவாயினும், அந்த மரமண்டபம் நின்றது நாம் பேசும் இக்கரையில்தான்.

கீழக்கரை: கல்லில் மலர்ந்த பள்ளி

அங்கிருந்து மேற்கே கீழக்கரை. முத்தும் சங்கும் குளித்தெடுத்த மக்களின் ஊர். இங்கிருந்து சென்ற சங்குகள் வங்கத்தில் வளையல்களாக அறுக்கப்பட்டன. 17ஆம் நூற்றாண்டில் இங்கு வாழ்ந்த வள்ளல் சீதக்காதி எனும் ஷெய்கு அப்துல் காதிர் மரைக்காயர், கிழவன் சேதுபதியின் நண்பராகவும் உமறுப்புலவரின் புரவலராகவும் விளங்கியவர். அவர் தொடர்பில் அறியப்படும் கற்பள்ளி இன்றும் தொழுகையுடன் திகழ்கிறது. பேரறிஞர் சதக்கத்துல்லாஹ் அப்பா அவர்கள் அடங்கியிருப்பதும் இவ்வூரிலேயே.

இப்பள்ளிக்குள் நுழைவோர் முதலில் காண்பது கற்றூண்களின் வரிசை. கோயில் மண்டபம் கட்டிய தச்சரின் கைத்திறனே இங்கும் உழைத்திருக்கிறது. போதிகையும் பூமொட்டும் கொடிக்கருக்கும் அப்படியே உள்ளன. உயிருருவங்கள் மட்டும் இல்லை. தமிழ்க் கல்தச்சர் தம் மரபை விடாமலும், இறையில்லத்தின் நெறியை மீறாமலும் கண்ட கட்டடக்கலை இது. அறிஞர் மெஹர்தாத் ஷுகூஹி 2003இல் வெளியிட்ட தென்னிந்திய முஸ்லிம் கட்டடக்கலை பற்றிய நூலும், டாக்டர் ஜெ.ராஜா முகமது அவர்களின் ஆய்வுகளும் இக்கரைப் பள்ளிகளை உலகறியச் செய்தன. கீழக்கரையின் மற்றொரு பழைய பள்ளியை நபிகளாரின் காலத்துடன் இணைத்து ஊர் மரபு பேசுகிறது. மரபை மரபாகவும், கல்வெட்டைக் கல்வெட்டாகவும் அதனதன் இடத்தில் வைத்து மதிப்பதே வரலாற்று மாணவனுக்கு அழகு. நாள் குறிக்கப்பட்ட சான்றுகள் நமக்குத் தரும் பெருமையே போதுமானது.

நீருக்குள் மறைந்த தீவு

கீழக்கரைக் கடலில் முள்ளி, வாலை, தலையாரி, அப்பா, பூவரசன்பட்டி, வாலிமுனை, ஆனைப்பார் என ஏழு தீவுகள் உண்டு. இராமேசுவரம் முதல் தூத்துக்குடி வரையிலான 21 தீவுகளில் இவை ஒரு தொகுதி. 1986இல் இத்தீவுகள் கடல்வாழ் தேசியப் பூங்காவாகவும், 1989இல் மன்னார் வளைகுடா உயிர்க்கோளக் காப்பகமாகவும் அறிவிக்கப்பட்டன. தீவுகளைச் சுற்றிப் பவளப்பாறைகளும், அவற்றை அடுத்துக் கடற்புல் வெளிகளும் உள்ளன. மீனவர் ஆவுளியா என்றழைக்கும் கடற்பசு அப்புல்லை மேய்ந்தே வாழ்கிறது.

மேற்சொன்ன ஏழில் பூவரசன்பட்டித் தீவை இன்று காண இயலாது. அது கடலுக்குள் அமிழ்ந்துவிட்டது. அலையின் வேகத்தைத் தாங்கி நின்ற பவளப்பாறைகளைச் சுண்ணாம்புக்காகவும் கட்டடங்களுக்காகவும் பல்லாண்டுகள் பெயர்த்தெடுத்ததே அதற்கு முதன்மைக் காரணம். முருகைக்கல் என்று நம் முன்னோர் அழைத்த அக்கல் இக்கரையின் பழைய சுவர்கள் பலவற்றில் இன்றும் இருக்கிறது. 2001இல் பவளம் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டு, அதனை எடுப்பது கடுங்குற்றமாயிற்று. தீவுகளில் விருப்பம்போல் இறங்க அனுமதி இல்லை. வனத்துறை நடத்தும் படகுகளில் மட்டுமே சென்று பார்த்தல் தகும். வடக்கே பாக் நீரிணைப் பக்கம் காரங்காட்டில், அலையாத்திக் காட்டினூடே வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து படகுப் பயணம் நடத்துகின்றனர். குடும்பத்துடன் செல்வோர்க்கு அது ஏற்ற இடம்.

கண்மாய்ப் பறவைகள்

கடலை விட்டு உள்நாட்டுப் பக்கம் திரும்பினால், வறண்ட சீமை என்று பெயர் பெற்ற இம்மாவட்டத்தின் மற்றொரு முகம் புலப்படும். மழைநீரைத் தேக்க முன்னோர் வெட்டிய கண்மாய்கள் வடகிழக்குப் பருவமழைக்குப் பின் நிறைகின்றன. அப்போது நீரில் நிற்கும் கருவேல மரங்களில் கூழைக்கடாவும் மஞ்சள்மூக்கு நாரையும் கரண்டிவாயனும் கூடு கட்டுகின்றன. முதுகுளத்தூர் வட்டாரத்துச் சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் ஆகிய பறவைகள் சரணாலயங்கள் 2022இலும், நயினார்கோவிலை அடுத்த தேர்த்தங்கலும் இராமநாதபுரத்தை ஒட்டிய சக்கரக்கோட்டையும் 2025இலும் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றன. மழை நன்கு பெய்த ஆண்டாயின் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை செல்வது நலம். பாசனத்திற்கு வெட்டிய குளம் பறவைக்கும் இல்லமாயிற்று. படைப்பினங்களுக்கு நீர் புகட்டுவதை அறமாகப் போற்றும் நமக்கு இதன் பொருளை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

நாம் இழந்தவையும் இழக்கவிருப்பவையும்

இத்தனையும் கூறிய பின், நம்மைப் பற்றியும் ஒன்று கூறியாக வேண்டும். சுமார் முப்பது ஆண்டுகளுக்கு முன், நம் ஊரில் பழைய கற்பள்ளியை இடித்துக் கான்கிரீட்டில் பெரிதாகக் கட்டுவது பற்றி ஜமாஅத் கூடியது. இடநெருக்கடி உண்மையே. பட்டம் பெற்று வந்த புதிது. ஆலிம் என்ற மதிப்பும் இருந்தது. “கோயில் தூண் போல இருக்கே” என்று ஒருவர் குறை கூறினார். முதியவர் ஒருவர், “நம்ம வாப்பாமார் கட்டுனது, பக்கத்துல இடம் வாங்கிக் கட்டலாமே” என்று தயங்கினார். நாம் இடிக்கும் பக்கமே பேசினோம். நம் பேச்சு எடுபட்டது. தூண்கள் சில மாதங்கள் வெளியே கிடந்தன. பின்னர் எங்கோ போயின. மையவாடியிலிருந்து பெயர்ந்த மீஸான் கல் ஒன்று, ஹவுளின் ஓரத்தில் கால் கழுவும் படியாக இடப்பட்டது. பல ஆண்டுகள் கழித்து அதில் உளூச் செய்ய அமர்ந்தபோதுதான் அதன் அரபு எழுத்துகளைக் கவனித்தோம். பெயரின் முற்பகுதி எஞ்சியிருந்தது. ஹிஜ்ரி ஆண்டு இருந்த வரி முழுதும் தேய்ந்துவிட்டது. படிக்கத் தெரிந்த நாமே அதனை மிதித்துத் தேய்த்தவர்களில் ஒருவர்.

இன்றும் அந்தப் புதிய பள்ளியில் தொழுகை குறைவின்றி நடக்கிறது. அதற்கு இறைவனைப் புகழ்கிறோம். ஆயினும் அவ்வூரின் தொன்மையைக் கூறக் கல் ஒன்றும் இல்லை. பூவரசன்பட்டியைச் சுண்ணாம்பாக்கியவர்களும் நம் பள்ளியைக் கான்கிரீட்டாக்கியவர்களும் தீய எண்ணத்தால் அதனைச் செய்யவில்லை. இருவருமே வீடு கட்டியவர்கள்தாம். எடுப்பது எதனைத் தாங்கி நிற்கிறது என்று அவர்கள் கேட்டுப் பார்க்கவில்லை. அதுவே பிழை.

ஆகவே வாசகர்களுக்கு நம் வேண்டுகோள் எளியது. அடுத்த விடுமுறையில் பிள்ளைகளுடன் இரண்டு நாள் இக்கரையில் தங்குங்கள். காலையில் சக்கரக்கோட்டையில் பறவைகளைக் காட்டுங்கள். திருப்புல்லாணிக் கல்வெட்டின் செய்தியை அங்கேயே நின்று சொல்லுங்கள். பெரியபட்டினக் கடற்கரையில் நடந்து, கீழக்கரைக் கற்பள்ளியில் அஸர் தொழுங்கள். பீங்கான் ஓடு கிடைத்தாலும் பவளத் துண்டு கிடைத்தாலும் எடுத்து வராதீர்கள். ஊர் திரும்பியதும் உங்கள் சொந்த ஊர்ப் பள்ளியின் பழைய தூண்களையும் மையவாடிக் கற்களையும் ஒருமுறை நின்று வாசியுங்கள். இயன்றால் எழுதியும் படமெடுத்தும் வையுங்கள். அடுத்த முறை ஜமாஅத் கூடும்போது, பக்கத்தில் இடம் வாங்கலாமே என்று தயங்கும் அம்முதியவரின் பக்கம் பேச ஒருவராவது இருப்பார்.