பதிவு மூப்பு

தொண்ணூறுகளில் தமிழ்நாட்டில் பத்தாம் வகுப்பு முடித்த யாரிடமும் சொந்தக்காரர்கள் கேட்கும் முதல் கேள்வி, எவ்வளவு மார்க். இரண்டாவது, "எம்ப்ளாய்மென்ட்ல பதிஞ்சாச்சா?" எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்ச் என்ற பெயரின் பின்பாதியை நம் ஆட்கள் எப்போதோ உதிர்த்துவிட்டார்கள். வேலை என்று பொருள்படும் ஆங்கிலச் சொல், ஊர்ப்பேச்சில் வேலைக்காகக் காத்திருக்கும் இடத்தின் பெயராகிவிட்டது. இது எப்படி நடந்தது என்று தேடப்போனால் கதை லண்டன் துறைமுகத்தில் தொடங்குகிறது.

அங்கே சரக்கு இறக்கும் வேலை அன்றாடக் கூலி. காலையில் வாசலில் கூட்டம் முண்டியடிக்கும், மேஸ்திரி கை காட்டுகிறவன் உள்ளே போவான், மற்றவர்கள் வீட்டுக்குத் திரும்புவார்கள். வில்லியம் பெவரிட்ஜ் என்ற இளைஞர் இதைக் கவனித்து ஒரு விஷயத்தைச் சொன்னார்: வேலையில்லாமை சோம்பேறிகளின் பிரச்சினை அல்ல, தொழில் நடத்தும் முறையின் பிரச்சினை. ஒவ்வொரு வாசலும் தனக்கென்று ஒரு உபரிக் கூட்டத்தை வைத்திருக்கிறது. இந்த வாசலில் ஆள் மிஞ்சும்போது அடுத்த வாசலில் ஆள் தேவைப்படலாம், ஆனால் அது யாருக்கும் தெரியாது. 1907-ல் ஜெர்மனிக்குப் போய் அங்கிருந்த வேலைவாய்ப்பு நிலையங்களைப் பார்த்துவிட்டு வந்தார். பின்னர் வர்த்தக அமைச்சரான வின்ஸ்டன் சர்ச்சில் அவரைச் சேர்த்துக்கொண்டார். 1909-ல் சட்டம் வந்தது. 1910 பிப்ரவரி 1 அன்று பிரிட்டன் முழுக்க நிலையங்கள் திறந்தன. எங்கள் பாஷையில் சொன்னால் அவர் கட்டியது ஒரு டேட்டாபேஸ். காலியிடங்கள் ஒரு பட்டியல், ஆட்கள் ஒரு பட்டியல், இரண்டையும் பொருத்தினால் முடிந்தது.

இந்தியாவுக்கு இது வந்தது 1945-ல். இரண்டாம் உலகப்போரில் இந்தியப் படையில் சேர்ந்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். போர் முடிந்ததும் அவர்களை வீட்டுக்கு அனுப்ப வேண்டும், வீட்டுக்கு அனுப்பினால் வேலை தர வேண்டும். அதற்காகத்தான் மறுகுடியமர்த்தல் மற்றும் வேலைவாய்ப்பு இயக்ககம் தொடங்கப்பட்டது. 1947-ல் பிரிவினை அகதிகள் அதே கதவைத் தட்டினார்கள். 1948-ல் எல்லோருக்கும் கதவு திறந்தது. 1956-ல் அன்றாட நிர்வாகம் மாநிலங்களிடம் வந்தது. 1959-ல் ஒரு சட்டம்: அரசு நிறுவனங்களும், 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனங்களும் காலியிடங்களை எக்ஸ்சேஞ்சுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டும்.

அந்தச் சட்டத்தின் நாலாவது பிரிவில் ஒரு உட்பிரிவு இருக்கிறது. தெரிவிக்க வேண்டுமே தவிர, எக்ஸ்சேஞ்ச் வழியாகத்தான் ஆள் எடுக்க வேண்டும் என்ற கடமை யாருக்கும் இல்லை. சட்டத்தின் உயிரே இந்த ஒற்றை வரியில் கழன்றுவிட்டது என்று எனக்குத் தோன்றுவதுண்டு. தனியாருக்குச் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லை. மிஞ்சியது அரசு வேலை. அரசு வேலைகள் கொஞ்சம், பதிந்தவர்கள் லட்சக்கணக்கில். பெவரிட்ஜின் ஏற்பாடு, இரண்டு பட்டியல்களும் ஏறக்குறைய சமமாக இருந்தால்தான் ஓடும். ஒரு பக்கம் மட்டும் வீங்கினால் அது பொருத்தும் இடமாக இருக்காது, க்யூவாகிவிடும்.

க்யூ என்று வந்தபின் யார் முன்னால் என்ற கேள்வி வரும். அதற்குத் தமிழ்நாட்டின் பதில், பதிவு மூப்பு. முதலில் பதிந்தவருக்கு முதல் அழைப்பு. முன்னாள் ராணுவத்தினர், ஆதரவற்ற விதவைகள், கலப்புமணம் செய்தவர்கள் போன்றோருக்கு முன்னுரிமை. மூன்று வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், தவறினால் சீனியாரிட்டி போச்சு. அதனால்தான் கல்யாணமாகிக் குழந்தை பிறந்த பிறகும் பலர் கார்டை பத்திரமாக பீரோவில் வைத்திருந்தார்கள்.

இதைக் கிண்டல் செய்வது சுலபம். ஆனால் க்யூவுக்கு ஒரு நியாயம் உண்டு. சிபாரிசால் தேதியை முன்னால் தள்ள முடியாது. கோச்சிங் சென்டருக்குப் பணம் கட்ட முடிந்தவருக்கும் முடியாதவருக்கும் அங்கே ஒரே வேகம்தான். அதே நேரம், இன்னொருவரின் நியாயமும் இருக்கிறது. பதியாத ஒருவர், அல்லது தாமதமாகப் பதிந்த கெட்டிக்காரர், விண்ணப்பிக்கக்கூட முடியாமல் நிற்பது எப்படிச் சமவாய்ப்பு ஆகும்? 1996-ல் உச்ச நீதிமன்றம் இந்தக் கேள்வியைத்தான் எடுத்தது. எக்ஸ்சேஞ்சில் பெயர் கேட்பதோடு நிறுத்தக்கூடாது, பத்திரிகையிலும் விளம்பரம் செய்து விண்ணப்பிக்கும் எல்லோரையும் பரிசீலிக்க வேண்டும் என்றது. க்யூ மெல்ல மெல்லப் போட்டியாக மாறத் தொடங்கியது.

அந்த மாற்றத்தின் அடி தமிழ்நாட்டில் பலமாக விழுந்தது ஆசிரியர்கள் மேல். பதிவு மூப்பில் வேலை வரும் என்று பல வருஷம் காத்திருந்த இடைநிலை ஆசிரியர்கள், 2012-ல் தகுதித்தேர்வு எழுத வேண்டியிருந்தது. முதல் தேர்வை எழுதியவர்கள் ஆறு லட்சத்துக்கும் மேல். தேறியவர்கள் சுமார் 2,400 பேர். ஒன்றரை மணி நேரம் போதவில்லை என்ற புகாருக்குப் பிறகு, அதே வருஷம் மூன்று மணி நேரம் கொடுத்து மறுதேர்வு நடத்தினார்கள். தேர்வு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, பிள்ளைகளுக்கு நல்ல ஆசிரியர் வேண்டும். ஆனால் ஒரு க்யூவில் பத்துப் பதினைந்து வருஷம் நின்றவரிடம், "க்யூ கலைஞ்சிடுச்சு, இனிமே ஓட்டப்பந்தயம்" என்று சொல்லும்போது, நின்ற காலத்துக்கு என்ன கணக்கு? பந்தயமும் சின்னதல்ல. 2024 ஜூனில் நடந்த குரூப் 4 தேர்வின் அறிவிப்பில் இருந்தவை 6,244 இடங்கள். விண்ணப்பித்தவர்கள் 20 லட்சம் பேர்.

நான் பொறியியல் முடித்தது 2009-ல். லேமன் பிரதர்ஸ் திவாலாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. கேம்பஸில் ஆஃபர் லெட்டர் கொடுத்த கம்பெனி, சேரும் தேதியைப் பத்து மாதம் சொல்லவே இல்லை. மெயில் அனுப்பினால் பதில் வராது. அந்த நாட்களில் எக்ஸ்சேஞ்சில் பதிந்தபோது கையில் ஒரு கார்டு கிடைத்தது. அதில் ஒரு எண்ணும் தேதியும். அந்த எண்ணால் வேலை வராது என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் இத்தனாம் தேதியிலிருந்து இவன் காத்திருக்கிறான் என்று ஒரு லெட்ஜரில் எழுதியிருந்தது. கம்பெனி அதைக்கூடச் செய்யவில்லை.

இப்போது நான் மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்கிறேன். ஒரு ஜூனியர் இடத்துக்கு நூற்றுக்கணக்கில் ரெஸ்யூம் வருகிறது. பாதிக்கு மேல் மென்பொருளே வடிகட்டிவிடும். வடிகட்டப்பட்ட பையனுக்குத் தான் எங்கே நின்றேன், ஏன் விழுந்தேன், உண்மையிலேயே அந்த இடம் காலியாக இருந்ததா என்று எதுவும் தெரியாது. துறைமுக வாசலில் மேஸ்திரியின் முகமாவது தெரிந்தது.

2020-ன் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு 1959 சட்டத்தைத் தன்னுள் இழுத்துக்கொண்டது. எக்ஸ்சேஞ்ச் போய் 'கேரியர் சென்டர்' வந்திருக்கிறது. யாரையும் அதன் வழியாக எடுக்கக் கடமையில்லை என்ற வரி அதிலும் இருக்கிறது. எடுக்க வேண்டாம், சரி. தெரிவிக்கும் பாதியையாவது உண்மையாக்கலாம். எத்தனை இடம், எந்தத் தேதிக்குள் முடிவு, எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள். இந்த மூன்றையும் வெளியிட எந்தக் கம்பெனிக்கும் ஒரு நாள் வேலைகூட ஆகாது, அந்த சிஸ்டங்களை எழுதுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். பெவரிட்ஜ் ஆசைப்பட்டது, வேலை எங்கே இருக்கிறது என்று ஆளுக்குத் தெரிய வேண்டும் என்பதற்கு. நாம் நூறு வருஷமாக ஆளைப் பற்றிய தகவலை மட்டும் சேகரித்துக்கொண்டிருக்கிறோம்.