தெள்ளாற்று ஊசல்: ஒரு காதற்பாட்டின் பிறப்பும் மெட்டும்

வந்தவாசிப் பக்கத்துப் போர் என்றதும் 1760ஆம் ஆண்டு ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் மோதியதுதான் பலருக்கும் நினைவுக்கு வரும். அதற்கு ஏறத்தாழ 900 ஆண்டுகளுக்கு முன்பே தெள்ளாற்றில் ஒரு பெரும்போர் நடந்திருக்கிறது. காஞ்சியை நோக்கி வந்த பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபனைப் பல்லவன் மூன்றாம் நந்திவர்மன் இங்கேதான் முறியடித்தான். அதன்பிறகு கல்வெட்டுகளில் அவன் வெறும் நந்திவர்மன் அல்லன், 'தெள்ளாறெறிந்த நந்திபோத்தரையர்'. ஊர்ப்பெயரே அரசனின் அடைமொழியாகிவிட்டது. அந்தப் பெயரைக் கல்வெட்டைவிட நெடுந்தூரம் கொண்டுபோனது ஒரு பாட்டுநூல். கலம்பகம் என்ற சிற்றிலக்கிய வகையில் நமக்குக் கிடைத்தவற்றுள் மிகப் பழையதான நந்திக் கலம்பகம் அது.

போர்வெற்றி பேசும் நூல்தான். ஆனால் கையில் எடுத்துப் படித்தால் பக்கத்துக்குப் பக்கம் காதல். நந்தியை நினைத்து மெலியும் பெண்ணுக்குச் சூடு தணியச் சந்தனம் பூசுகிறார்கள். பூசிய சந்தனமே தீயாய்ச் சுடுகிறது என்கிறாள். ஊர் திரும்பும் தலைவன் ஒருவன் மேகங்களைப் பார்த்துப் பேசுகிறான்: என் தேர் நகர மாட்டேன் என்கிறது, நீங்களோ விரைந்து போகிறீர்கள், உயிர் முன்னமே அவளிடம் போய்ச் சேர்ந்துவிட்டது, உடல்தான் பின்னால் வந்துகொண்டிருக்கிறது என்று அவளைக் கண்டால் சொல்லுங்கள். தமிழில் இத்தனை சிறிய அளவில் இத்தனை பெரிய ஏக்கத்தைச் சொன்ன வெண்பாக்கள் அதிகமில்லை என்பது என் எண்ணம்.

இந்தப் பாடல்களை இயற்றியவர் யார்? நூலில் பெயர் இல்லை. பெயர் இல்லாத இடத்தில் கதை வந்து உட்கார்ந்தது. அரசுரிமை கிடைக்காத தம்பி ஒருவன், அண்ணனைக் கொல்லவென்றே அறம் வைத்து, அதாவது கேட்பவருக்கு அழிவு தரும் சொற்களைப் பொதிந்து, பாடினானாம். பாட்டைக் கேட்டு மயங்கிய நந்தி, இறப்பது உறுதி என்று தெரிந்தும், பாட்டுக்கொரு பந்தலாக வரிசையாகப் போடச்செய்து, ஒவ்வொன்றும் எரிய எரிய அடுத்ததில் அமர்ந்து கேட்டு, கடைசிப் பாட்டுக்கு எரிந்து மாண்டானாம். படிக்காசுப் புலவரின் தொண்டைமண்டல சதகம் இதைக் குறிக்கிறது. 18ஆம் நூற்றாண்டில் சிவஞான முனிவரும் நாடறிந்த கதை என்றே சோமேசர் முதுமொழி வெண்பாவில் பாடிவைத்தார். கல்வெட்டுச் சான்று எதுவும் இதற்கு இல்லை. நூலோடு வழங்கும் ஒரு கையறுநிலைப் பாட்டு, இறந்த அரசனின் முகவொளி நிலவுக்கும் புகழ் கடலுக்கும் போய்விட்டன, நானும் என் வறுமையும் எங்கே போவோம் என்று கதறுகிறது. அந்தக் கதறலிலிருந்தே கதை முளைத்திருக்க வேண்டும். வரலாறாக இதை நான் ஏற்கவில்லை. ஆனால் கதைக்குள் ஒரு செய்தி இருக்கிறது: கலம்பகம் செவியால் கேட்கப்பட்டது, யாரோ பாடினார்கள் என்பதைக் கதை சொன்ன ஒருவரும் ஐயுறவில்லை.

பாடினார்கள் என்றால் எந்த மெட்டில்? இக்கேள்வி நமக்கு மட்டும் உரியதன்று. ஸ்காட்லாந்தின் புகழ்பெற்ற காதற்பாட்டான 'ஆனி லாரி'யை எடுத்துக்கொள்வோம். 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் வில்லியம் டக்ளஸ் என்ற போர்வீரர், மேக்ஸ்வெல்டன் வளமனைப் பெண் ஆனியின்மேல் காதல்கொண்டு பாடியது என்பது அங்கே வழங்கும் கதை. திருமணம் கூடவில்லை, இருவரும் வேறு வேறு இடத்தில் மணம் முடித்தார்கள். சொற்கள் அச்சேறியது 1820களில். இன்று உலகம் பாடும் மெட்டை 1830களில் இட்டவர் அலிசியா ஸ்காட் என்ற பெருமாட்டி. சொற்களையும் அவர் கொஞ்சம் மாற்றினார். 1854இல் கிரிமியப் போருக்குப் போன வீரர்கள் பாடியதெல்லாம் அந்த மெட்டில்தான். நூறாண்டுக்கு மேல் இளைய மெட்டு, பழைய பாட்டு என்ற பெயரை வாங்கிக்கொண்டது.

மெட்டு மட்டும் தனியே பயணம் போனதும் உண்டு. சென்னைக் கோட்டையில் ஆங்கிலேயரின் பேண்டு வாத்தியம் கேட்ட முத்துசுவாமி தீட்சிதர் அந்த மெட்டுகளுக்கு வடமொழிச் சாகித்தியம் எழுதினார். நோட்டுஸ்வரம் எனப்படும் அந்தப் பாட்டுகளுள் ஒன்றான 'ஜகதீச குருகுஹ'வுக்குள் இருப்பது 'லார்ட் மெக்டொனால்ட்ஸ் ரீல்' என்னும் ஸ்காட்லாந்து ஆட்டமெட்டு.

நந்திக் கலம்பகத்தின் நிலை இவை இரண்டும் அல்ல. ஆரணித் தறிக்காரர் மொழியில் சொன்னால், பாவு அப்படியே தறியில் இருக்கிறது, ஊடைதான் அறுந்துபோனது. ஆனால் பாவின் இழை எண்ணிக்கையைப் பார்த்து என்ன துணி நெய்தார்கள் என்று ஓரளவு சொல்லிவிடலாம். யாப்பு அந்த இழைக்கணக்கு.

ஊசல் பாட்டைப் பாருங்கள். ஊஞ்சலில் இருக்கும் பெண்கள் தோழியரை ஆட அழைக்கிறார்கள். பட்டு மேலாடை ஆட, பொன்னணி மின்னி ஆட, பூச்சூடிய கூந்தல் சரிய ஆடச் சொல்கிறார்கள். ஒவ்வொரு அழைப்பும் ஒரே சொற்களில் முடிகிறது. முதற்பாதியில் நான்கு முறை வந்த அந்த முடிப்பு பிறகு நின்றுவிடுகிறது; அங்கேதான் தெள்ளாறு வருகிறது. பகைவரைத் தெள்ளாற்றில் விண்ணுக்கு அனுப்பியவன், காடவர்க்கு மூத்தவன், அவன் வேலைப் பாடுவோம், காஞ்சியைப் பாடுவோம் என்று மூச்சு விடாமல் ஓடி, கடைசியில் மீண்டும் அதே அழைப்பில் வந்து நிற்கிறது பாட்டு.

இது எண்சீர் விருத்தம். அரையடிக்கு மூன்று காய்ச்சீர், ஒரு மாச்சீர். மூன்று சீர் நீண்டு போக, நான்காவது குறுகி நிற்கிறது. ஊஞ்சல் உந்தி எழுந்து, உச்சியில் ஒரு கணம் நின்று திரும்புவதற்கு அந்தக் குறுகிய சீர் இடம் தருகிறது. வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால் கைத்தாளம் தானே விழும். ஏட்டில் எழுதிய புலவர் இந்தத் தாளத்தைப் புதிதாக ஆக்கியிருக்க மாட்டார். ஊஞ்சலாடிய பெண்கள் வாயில் இருந்ததைத்தான் எடுத்திருப்பார். அம்மானை, ஊசல், குறம் என்று கலம்பகத்தின் உறுப்புகள் பலவும் அப்படித் தெருவிலும் திண்ணையிலும் இருந்து வந்தவை. ஸ்காட்லாந்தில் ராபர்ட் பர்ன்ஸ் நாட்டுப்புற மெட்டுகளைத் தேடித் தேடி அவற்றுக்குச் சொல் எழுதியதும் இதே வேலைதான்.

வெண்பாக்கள் வேறு. அவற்றுக்கு உரியது செப்பலோசை, பேச்சுக்கு மிக அருகில் நிற்பது. பாணனைத் தலைவி சாடும் வெண்பா ஒன்று இருக்கிறது. மாற்றாள் வீட்டில் உட்கார்ந்து அவன் விடியவிடியப் பாடியது இவள் வீடு வரைக்கும் கேட்கிறது. அது பேய் என்கிறாள் தாய். நரி என்கிறார்கள் மற்றவர்கள். நாய் என்கிறாள் தோழி. இவள் மட்டும் பாணனைப் பார்த்து, நீதான் என்று நான் சொன்னேன் என்கிறாள். இதைத் தாளம் போட்டுப் பாடினால் கெட்டுவிடும். கடைசி அடியின் சின்னச் சொற்களுக்கு முன்னால் குரல் சற்றே தங்க வேண்டும். செய்யாறு, வந்தவாசிப் பக்கத்துத் தெருக்கூத்தில் வேடக்காரர் விருத்தத்தைத் தாளமின்றி நீட்டிப் பாடிவிட்டு, பிறகு தரு என்னும் பாட்டில் தாளத்துக்குள் இறங்குவார். கலம்பகத்துக்குள்ளும் இந்த இரண்டு நடைகளும் உண்டு.

பிறகு ஏன் மெட்டு அறுந்தது? விடைக்கான குறிப்பு நந்திவர்மனின் காலத்துக் கல்வெட்டிலேயே இருக்கிறது. அவனது 17ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த திருவல்லம் கல்வெட்டு, கோயிலில் திருப்பதியம் பாடுவோருக்குப் பங்கு ஒதுக்கியதைச் சொல்கிறது. தேவாரம் பாடியோரைப் பற்றிய மிகப் பழைய கல்வெட்டுச் சான்றாக அறிஞர் இதைக் காட்டுவர். பாடுகிறவர் வயிற்றுக்கு வழி செய்தார்கள், மகன் தந்தையிடம் கற்றான், பண் பிழைத்தது. அதே அரசன்மேல் எழுந்த காதற்பாட்டுக்கு அப்படி யாரும் நிலம் எழுதிவைக்கவில்லை. பல்லவர் ஆட்சி அந்த நூற்றாண்டின் முடிவிலேயே ஒடுங்கியது. பாட்டுடைத் தலைவனின் அவையே இல்லாமல் போன பிறகு பாட ஓர் இடமும் இல்லை. சுமார் 1231இல் காடவர் குலத்துக் கோப்பெருஞ்சிங்கன் சோழன் மூன்றாம் இராசராசனை இதே தெள்ளாற்றில் வென்று சிறைபிடித்தான். அந்த வெற்றியைப் பாடும் வயலூர்க் கல்வெட்டுச் செய்யுளையும் இன்று யாரும் பாடுவதில்லை.

ஆனால் ஊசல் முழுவதும் சாகவில்லை. சமயம் தத்தெடுத்துக்கொண்ட இடங்களில் பிழைத்திருக்கிறது. திருவரங்கத்து ஊசல் பாடல்களிலும், யாழ்ப்பாணக் கோயில்களில் திருவிழா முடிவில் பாடும் ஊஞ்சற்பாட்டிலும் ஒவ்வொரு பாட்டும் ஊசல் ஆடும் அழைப்பில் போய் முடிகிறது. அரசன் இருந்த இடத்தில் தெய்வம். மற்றபடி அதே உந்தல், அதே திரும்பல்.

தெள்ளாற்று ஊசலுக்கு மெட்டுத் தேடுகிறவர்கள் அந்த ஊஞ்சற்பாட்டுகளை ஒலிப்பதிவு செய்து சீர் சீராக ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஆரணி, வந்தவாசி, செய்யாற்றுக் கலியாண வீடுகளில் நலங்குக்கும் ஊஞ்சலுக்கும் பாடும் மூத்த பெண்களின் வாய்ப்பாட்டையும் கூடவே வைத்துக்கொள்ள வேண்டும். கூத்துக் கலைஞர்களிடம் வெண்பாக்களைக் கொடுத்து விருத்தமாகப் பாடச்சொல்லிக் கேட்கலாம். கிடைப்பது 9ஆம் நூற்றாண்டு மெட்டு என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது. 'ஆனி லாரி'க்கும் அப்படி ஒரு சத்தியம் கிடையாது; ஆனாலும் அது பாடப்படுகிறது. தெள்ளாற்றைப் பெயர் சொல்லிப் பாடும் காதற்பாட்டு, இன்று தெள்ளார் எனப்படும் அதே ஊரிலேயே ஒலிக்கவில்லை என்பதுதான் என்னை வருத்துகிறது. ஊர்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு முதலில் ஊசலைக் கற்றுக்கொடுத்துத் தொடங்கலாம். அதன் தாளம் பிள்ளைகள் வாயில் எளிதில் நிற்கும்.