ஐவர் அணியின் குறுங்கதை



இராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரை மாலை வேளையில் சென்று வருபவர் ஒரு காட்சியைக் காணாமல் திரும்ப இயலாது. இரு வீட்டுச் சுவர்களுக்கு நடுவே, பத்தடி அகலமுள்ள சந்து ஒன்றில், பக்கத்துக்கு நாலைந்து சிறுவர்கள் பந்தை உதைத்துக் கொண்டிருப்பார்கள். கோல் கம்பங்களுக்குப் பதிலாக இரண்டு செருப்புகள் இருக்கும். சுவரில் பட்டுத் திரும்பும் பந்தையும் விட மாட்டார்கள்; சுவரும் அவர்களுக்கு ஓர் ஆட்டக்காரன்தான். பெரிய மைதானம் இல்லாத குறையை இடுக்கிலே ஆடித் தீர்த்துக் கொள்ளும் இந்த வழக்கம் நம் வட்டாரத்துக்கு மட்டும் உரியதன்று. கடல் கடந்த ஒரு நாட்டில் இதே நெருக்கடி ஒரு புதிய ஆட்டத்தையே பெற்றெடுத்தது. அவ்வாட்டத்தின் பெயரால் நம் சென்னைக்கு ஓர் அணி வந்ததையும், வந்த வேகத்தில் அது மறைந்ததையும் இன்று கூற எண்ணுகிறேன்.

தென் அமெரிக்காவில் உருகுவே என்னும் சிறு நாடு இருக்கிறது. உலகக் கோப்பைக் காற்பந்துப் போட்டி முதன்முதலாக 1930 ஆம் ஆண்டு அங்கேதான் நடைபெற்றது. கோப்பையையும் அந்நாடே வென்றது. தலைநகரான மாண்டிவிடியோவில் தெருவெல்லாம் பந்தாட்டமாக இருந்த அந்த ஆண்டிலே, இளைஞர் கிறிஸ்தவ சங்கத்தைச் சேர்ந்த ஹுவான் கார்லோஸ் செரியானி என்னும் ஆசிரியர், தம் மாணவர்கள் கூரைக்குக் கீழே ஆடத்தக்க முறை ஒன்றை வகுத்தார். பக்கத்துக்கு ஐவர் என்பதைக் கூடைப்பந்திலிருந்து எடுத்துக் கொண்டார். களத்தின் அளவைக் கைப்பந்து ஆட்டத்திலிருந்தும், கோல் காப்பவனுக்குரிய விதிகளை நீர்ப்பந்து ஆட்டத்திலிருந்தும் அமைத்தார். நல்ல ஆசிரியருக்கு இரவல் வாங்குவதில் வெட்கம் கிடையாது. இதே சங்கம் நம் சென்னையிலும் 1920 இல் ஹாரி குரோ பக் அவர்களைக் கொண்டு உடற்கல்விக் கல்லூரி ஒன்றைத் தொடங்கியது என்பதையும் இங்கே நினைவுகூரலாம்.

இன்று இவ்வாட்டம் ஃபுட்சால் எனப்படுகிறது. களம் ஏறத்தாழ 40 மீட்டர் நீளமும் 20 மீட்டர் அகலமும் கொண்டது. பந்து சற்றுச் சிறியது, அதிகம் துள்ளாது. இருபது நிமிடங்களாக இரு பாதிகள். பந்து வெளியே சென்றால் கடிகாரம் நிற்கும். வட அமெரிக்க உள்ளரங்கக் காற்பந்தில் உள்ளதுபோலச் சுற்றுச் சுவர் இதில் இல்லை, கோடுதான் எல்லை. இடம் குறைவாதலின் ஒவ்வொருவனுக்கும் பந்து அடிக்கடி கிடைக்கும். நின்று யோசிக்க நேரமிராது. பிரேசில் நாட்டின் பெரிய ஆட்டக்காரர் பலர் இளமையில் இதிலேதான் கால் பழகினார்கள்.

ஆட்டம் வளர்ந்ததும் உரிமைச் சண்டையும் வளர்ந்தது. இதற்கென 1971 இல் பிரேசிலின் சாவோ பாவ்லோ நகரில் ஓர் அனைத்துலகச் சங்கம் அமைந்தது. காற்பந்து என்னும் பெயரையே பிறர் வழங்கலாகாது என்று ஃபிஃபா தடுத்ததனால், 1985 இல் அச்சங்கத்தார் ஃபுட்சால் என்ற பெயரைச் சூட்டிக் கொண்டனர். ஃபிஃபாவோ 1989 இல் நெதர்லாந்தில் தன் சொந்த உலகப் போட்டியை நடத்தியது. அன்றுமுதல் ஓர் ஆட்டத்துக்கு இரண்டு வீடுகள். இந்தப் பங்காளிச் சண்டை நம் சென்னை வரை வந்து சேர்ந்ததுதான் கதையின் முக்கியப் பகுதி.

பிரீமியர் ஃபுட்சால் என்னும் தனியார் போட்டி 2016 ஜூலையில் தொடங்கியது. சென்னை, மும்பை, கோவா, கொச்சி, கொல்கத்தா, பெங்களூரு என ஆறு அணிகள். போர்த்துகலின் லூயிஸ் ஃபிகோ இதன் தலைவர், ஏ. ஆர். ரகுமான் இசை அமைத்தார். ஜூலை 15 அன்று பெரியமேட்டிலுள்ள நேரு உள்விளையாட்டரங்கில் ஆட்டங்கள் ஆரம்பமாயின. இராயபுரத்திலிருந்து நடந்தே சென்றடையக்கூடிய தூரம்! சென்னை அணிக்குக் கிடைத்தவர் பிரேசிலின் ஃபால்காவ். மற்ற அணிகளின் நட்சத்திரங்கள் பெரிய மைதானத்துப் புகழை எடுத்து வந்தவர்கள். இவரோ ஐவர் ஆட்டத்திலேயே உலகப் புகழ் பெற்றவர். இரண்டு உலகக் கோப்பைகளை வென்றவர். உண்மையான வித்தைக்காரர் நம் பக்கம் இருந்தார் என்பேன்.

ஆயினும் கூட்டம் பேசியது ரொனால்டினோவைப் பற்றித்தான். கோவா அணிக்காக ஆடிய அவர் பெங்களூருக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் ஐந்து கோல்கள் போட்டார். போட்டு முடித்த கையோடு ஊருக்குப் புறப்பட்டும் விட்டார். அவருக்குப் பதிலாக கஃபூ வந்தார். சென்னையில் ஆட்டங்கள் மூன்றே நாள். பின்னர் எல்லோரும் கோவாவுக்குச் சென்றனர். ஜூலை 24 அன்று மும்பை அணி கொச்சியைப் பெனால்டி உதைகளில் வென்று பட்டம் பெற்றது. சென்னை இறுதியாட்டத்தை எட்டவில்லை.

மறு ஆண்டு 2017 இல் அணிகளின் பெயர்கள் மாறின. நம் அணி சென்னை சிங்கம்ஸ் ஆயிற்று. போட்டி நடந்த இடங்கள் மும்பை, பெங்களூரு, துபாய். சென்னையின் பெயர் தாங்கிய அணி சென்னையில் ஆடவே இல்லை! அவ்வாண்டும் மும்பைக்கே பட்டம். மூன்றாவது பருவம் வரவில்லை.

ஏன் இவ்வாறு முடிந்தது? அகில இந்தியக் காற்பந்து சம்மேளனம் இப்போட்டியை அங்கீகரிக்கவில்லை. அது ஃபிஃபாவின் வீட்டைச் சேர்ந்தது. போட்டியோ மற்றொரு வீட்டின் ஆதரவில் நின்றது. ஆனால் இதை மட்டும் காரணமாகக் கூறுவது போதாதென்பது என் கருத்து. பெரம்பூர் இரயில் பெட்டித் தொழிற்சாலை அணியை எண்ணிப் பாருங்கள். 1955 இல் தோன்றிய அத்தொழிற்சாலையில், பந்து விளையாடியவனுக்கு வேலை கிடைத்தது. மாதச் சம்பளம் கிடைத்தது. கால் தளர்ந்த பின்னும் குடும்பம் பிழைத்தது. ஆட்டம் தோற்றாலும் அணி நின்றது. 2016 இன் அணிக்கோ பத்து நாள்தான் ஆயுள். அதற்கு இளையோர் பிரிவு இல்லை, பயிற்சித் திடல் இல்லை. தொலைக்காட்சிக்கு வேண்டிய அளவுக்கு ஓர் அணி. அதற்கு மேல் ஒன்றுமில்லை. சந்திலே ஆடும் நம் பிள்ளைக்கு இதைவிடப் பொருத்தமான ஆட்டம் வேறில்லை. அவன் அந்த அணிக்குள் நுழைய ஒரு வாயிலை மட்டும் எவரும் வைக்கவில்லை.

அவன் பழைய வாயில் வழியாகவே சென்றான். வியாசர்பாடியில் வளர்ந்த நந்தகுமார் சேகர் சென்னை சிட்டி அணியில் ஆடி, பின் கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் அணியை அடைந்தார். 2023 ஆகஸ்டு 12 அன்று டூரண்டு கோப்பைப் போட்டியில் மோகன் பகானுக்கு எதிராக அவர் அடித்த ஒற்றைக் கோலே வெற்றியைத் தந்தது. அதே 2023 அக்டோபரில், ஆசியக் கோப்பைத் தகுதிச் சுற்றுக்காக, தஜிகிஸ்தானில் இந்தியாவின் ஃபுட்சால் அணி முதன்முறையாகக் களமிறங்கியது. செரியானி விதி எழுதி அப்போது தொண்ணூற்று மூன்று ஆண்டுகள் ஆகியிருந்தன.