அரச முத்திரை அஞ்சல் பெட்டிகள் (பிரித்தானியா)

பிரித்தானியத் தெருக்களில் உள்ள சிவப்பு வார்ப்பிரும்புத் தூண்வடிவ அஞ்சல் பெட்டிகள். செய்யப்பட்ட காலத்தில் ஆண்ட மன்னரின் பெயரெழுத்துகள் அரச முத்திரையாகப் பெரும்பாலானவற்றின் முகப்பில் பொறிக்கப்பட்டிருக்கும். இவற்றைக்கொண்டு பெட்டியின் காலத்தைக் கணிக்கலாம்.

நாவலாசிரியரும் அஞ்சல்துறை அதிகாரியுமான ஆன்டனி டிராலப்பின் பரிந்துரையால் 1852இல் ஜெர்சி தீவில் முதல் பெட்டிகள் நிறுவப்பட்டன. பச்சையாக இருந்த பெட்டிகள் 1874 முதல் சிவப்பாயின. 1879 முதல் 1887 வரை வார்க்கப்பட்ட உருளைப் பெட்டிகளில் அரச முத்திரை இல்லை. ஓராண்டு நிறையுமுன் 1936 டிசம்பரில் முடிதுறந்த எட்டாம் எட்வர்டின் முத்திரை கொண்டவை மிக அரியவை.

ஸ்காட்லாந்தை முதலாம் எலிசபெத் ஆண்டதில்லை. எனவே புதிய அரசியை ‘இரண்டாம்’ எலிசபெத் என்று குறித்த முத்திரைக்கு அங்கே எதிர்ப்பு எழுந்தது. 1953இல் எடின்பரோவில் ஒரு பெட்டி வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அதன்பின் ஸ்காட்லாந்துப் பெட்டிகளில் ஸ்காட்லாந்து மணிமுடி மட்டும் பொறிக்கப்படுகிறது. தனிநாடான அயர்லாந்து, பழைய பெட்டிகளுக்குப் பச்சை வண்ணம் பூசியது. பிரித்தானிய மன்னர்களின் முத்திரைகள் பலவற்றில் இன்றும் உள்ளன. மூன்றாம் சார்ல்ஸின் முத்திரையுடைய முதல் பெட்டி 2024இல் கேம்பிரிட்ஜ்ஷயரில் நிறுவப்பட்டது.