பிடி மண்ணும் ஒப்பாரியும்

திண்டுக்கல்லிலிருந்து மதுரை போகும் வழியில், சின்னாளபட்டிக்குப் பக்கத்தில் இருக்கிறது காந்திகிராமம். தமிழ் நாடக வரலாற்றில் இந்த ஊருக்கு ஓர் இடம் உண்டு. 1977இல் சே. இராமானுஜம் முன்னின்று இங்கே நடத்திய நாடகப் பயிற்சி முகாம் நவீனத் தமிழ் நாடகத்தின் திருப்புமுனையாகச் சொல்லப்படுகிறது. அதில் பங்கேற்ற மு. இராமசுவாமி மறு ஆண்டே மதுரையில் நிஜ நாடக இயக்கத்தைத் தொடங்கினார். 1980களில் இருவரும் ஆளுக்கொரு கிரேக்க அவலநாடகத்தைத் தமிழுக்குக் கொண்டுவந்தார்கள். சோபோக்ளிசின் ‘ஆன்டிகனி’ இராமசுவாமியிடம் ‘துர்க்கிர அவலம்’ ஆனது. யூரிப்பிடிசின் ‘ட்ராய் நகரப் பெண்கள்’ இராமானுஜத்திடம் ‘வெறியாட்டம்’ ஆனது.

இரண்டு மூலங்களிலும் நடுவே பிணம் கிடக்கிறது. ஒன்றில், செத்தவனுக்கு மண் போடக் கூடாதென்று அரசன் ஆணையிடுகிறான், தங்கை போடுகிறாள். மற்றதில், ஆண்களெல்லாம் மாண்டுபோன ஊரில் அழுவதற்குப் பெண்கள் மட்டுமே மிஞ்சியிருக்கிறார்கள். பெண்ணிய நோக்கோடு இன்று ஒரு கிரேக்க நாடகத்தை இந்த மண்ணில் மேடையேற்ற நினைக்கும் இயக்குநருக்கு இந்த இரண்டில் எது கூடுதலாகக் கைகொடுக்கும்?

மீறுகிறவள்

முதல் பார்வைக்கு ஆன்டிகனிதான். கி.மு. 441ஐ ஒட்டி அரங்கேறியதாகக் கருதப்படும் அந்த நாடகத்தில் அவள் அரசனுக்கு நேர் எதிரே நின்று, “செய்தேன், மறுக்கவில்லை” என்ற நிலையிலேயே கடைசிவரை இருக்கிறாள். பெண்ணிடம் தோற்கக் கூடாது என்பது அரசன் கிரயோனுக்குச் சட்டத்தைவிடப் பெரிய கவலை. திண்டுக்கல் சமவெளி ஊர்களில் இந்தக் காட்சிக்கு விளக்கவுரை வேண்டாம். நீர்மாலை எடுப்பதிலும் மாரடிப்பதிலும் பெண்களுக்குப் பங்குண்டு. பாடை கிளம்பியதும் பெரும்பாலான ஊர்களில் அவர்கள் தெருமுனையோடு நின்றுவிட வேண்டும். சுடுகாடும், குழியில் தள்ளும் பிடி மண்ணும் ஆண்களுடையவை. மேடையில் ஒருத்தி குனிந்து மண் அள்ளினாலே போதும், எந்தக் கோட்டை அவள் தாண்டினாள் என்பது கடைசி வரிசைக்கும் புரியும்.

ஆனால் இதே மண்ணில் ஆன்டிகனிக்கு ஓர் ஆபத்தும் இருக்கிறது. அவள் மீறுவது அண்ணனுக்காக. கணவனுக்காகவோ பிள்ளைக்காகவோ இதைச் செய்திருக்க மாட்டேன் என்றும் சொல்கிறாள். பிறந்த வீட்டுக் கோடியும் தாய்மாமன் சீரும் உறவின் அச்சாணிகளாக இருக்கும் ஊரில், ‘பாசமலர்’ பார்த்துக் கண் கலங்கிய கூட்டம் அவளை உடனே தத்தெடுத்துக்கொள்ளும். அரச கட்டளையை எதிர்த்தவள் அண்ணன்மேல் உயிரை வைத்த தங்கையாகச் சுருங்கிப்போவாள். அவள் தனியாள் என்பது இன்னொரு சிக்கல். உடன்பிறந்த இஸ்மினியையும் உதறிவிட்டுத்தான் சாகப் போகிறாள். தியாகிக்குச் சிலை வைத்துவிட்டு அன்றாடத்தை மாற்றாமல் விடுவது நமக்குப் பழகிப்போன வழி.

அழுகிறவர்கள்

கி.மு. 416இல் ஏதென்ஸ், மீலோஸ் தீவை வளைத்துப் பிடித்து, ஆண்களைக் கொன்று, பெண்களையும் பிள்ளைகளையும் அடிமைகளாக விற்றது. அடுத்த ஆண்டு அதே ஏதென்ஸ் மக்கள் முன் யூரிப்பிடிஸ் ‘ட்ராய் நகரப் பெண்கள்’ நாடகத்தை வைத்தார். அதில் கதை நகர்வதே குறைவு. பெண்கள் எந்தெந்தத் தளபதிக்கு என்று பங்கிடப்படுகிறார்கள். குழந்தை அஸ்தியானக்ஸ் மதிலிலிருந்து வீசிக் கொல்லப்படுகிறான். பாட்டி எக்குபா அவனை அவன் தகப்பனின் கேடயத்தில் கிடத்தி அடக்கம் செய்கிறாள். மீதியெல்லாம் புலம்பல். தந்தையையும் மலையையும் இழந்த பாரி மகளிரை அறிந்த தமிழருக்கு இது அந்நியமான நிலை அன்று. பாரியின் பறம்பு என்று சொல்லப்படும் பிரான்மலையும் திண்டுக்கல் மாவட்டத்து நத்தத்துக்குத் தொலைவில் இல்லை.

இராமானுஜம் இந்தப் புலம்பலுக்கு ஒப்பாரியைப் பிடித்தார். அதை அலங்காரத்துக்காகச் சேர்த்த நாட்டார் இசையாக நினைத்தால் தவறிவிடுவோம். ஒப்பாரியில் பெண் தானே கட்டிப் பாடுகிறாள். வேறு நாளில் வாய் திறந்தால் அடி விழக்கூடிய சங்கதிகளை அன்று சொல்லலாம்: மாமியார் கொடுமை, சீர் செய்யாத அண்ணன், குடித்தே அழித்த புருஷன். ஊரே கேட்டுக்கொண்டிருக்கும், குறுக்கே பேச முடியாது. பழைய ஏதென்சும் இந்த வலிமையை அறிந்திருந்தது. கி.மு. 6ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சோலோனின் சட்டங்கள் சாவு வீட்டில் பெண்கள் உடலைக் கீறிக்கொண்டு புலம்புவதற்குத் தடை போட்டன. பின்னாளில் அந்தப் புலம்பலை மேடையில் முகமூடி அணிந்த ஆண்கள் பாடினார்கள். நம் தெருக்கூத்திலும் நெடுங்காலம் பெண் வேடம் ஆணுக்குத்தான். எனவே எக்குபாவாகப் பெண் ஒருத்தி தன் குரலில் ஒப்பாரி வைப்பதே, பறிபோன ஒன்றைத் திரும்ப எடுத்துக்கொள்வதாகும்.

இதற்கும் ஒரு பலவீனம் உண்டு. அழுகை பெண்ணுக்கு இயல்பு என்று நம்புகிற பார்வையாளர், தாமும் அழுதுவிட்டு லேசான மனத்தோடு வீட்டுக்குப் போகலாம். எக்குபாவின் கோபத்தில் பாதி, போருக்குக் காரணமாகச் சொல்லப்படும் ஹெலன்மேல் பாய்கிறது. கப்பல் ஏறி வந்த படைகளைவிட ஓடிப்போனதாகச் சொல்லப்படும் பெண்ணே குற்றவாளி ஆகிறாள். பெண்ணிய இயக்குநருக்கு அதுதான் தேர்வுக் காட்சி. ஹெலனையும் ஒப்பாரிக்குள் சேர்த்துக்கொள்ளத் தெரிந்தால் நாடகம் வேறொன்றாகிவிடும்.

யார் இயக்குவது?

இரண்டு தழுவல்களையும் செய்தவர்கள் ஆண்கள். பெண் இயக்குநர் கைக்கு வந்தபோது தமிழ் நாடகம் கிரேக்கத்தின் துணை இல்லாமலும் நடந்தது. அ. மங்கை பெண் சிசுக்கொலையைப் பேசும் ‘பச்சமண்ணு’ நாடகத்தை உருவாக்கினார்; இன்குலாபின் ‘ஔவை’யை மேடையேற்றினார். அங்கெல்லாம் ஒற்றை வீராங்கனையைவிடக் கூடி நிற்கும் குரல்களுக்கே வேலை அதிகம். இந்தப் பாதை வெறியாட்டத்தின் பக்கம்தான் சாய்கிறது.

திண்டுக்கல்லின் அண்மைக்கால அனுபவமும் அதையே சொல்கிறது. 2021 ஜனவரியில் இம்மாவட்ட ஆயத்த ஆடைத் தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்த இளம் தலித் பெண் கொல்லப்பட்டார், மேற்பார்வையாளர் கைதானார். பெண்கள் தலைமையிலான தொழிற்சங்கம் விடாமல் போராடியது. 2022 ஏப்ரலில் தொழிற்சங்கமும் நிர்வாகமும் கையெழுத்திட்ட ‘திண்டுக்கல் உடன்படிக்கை’ பிறந்தது; உலக ஆடை நிறுவனங்களும் அதில் இணைந்தன. தொழிலாளர்களுக்குள்ளிருந்தே கண்காணிப்பாளர்கள் பயிற்சி பெற்று, தொல்லையைத் தட்டிக்கேட்க வழி ஏற்பட்டது. ஒருத்தியின் சாவுக்கான துக்கத்தைப் பலர் சேர்ந்து கணக்குக் கேட்பதாக மாற்றினார்கள்.

ஆகவே இங்கே இன்று ஒன்றைத்தான் மேடையேற்றலாம் என்றால் என் வாக்கு ட்ராய் நகரப் பெண்களுக்கு. ஆன்டிகனியின் துணிவு வியக்க வைக்கிறது. ஆனால் அவளோடு அது முடிந்தும் போகிறது. ஒப்பாரியோ ஒருத்தி விட்ட அடியை இன்னொருத்தி எடுத்துப் பாடும் வடிவம். அதன் குற்றச்சாட்டு ஹெலன்மேல் விழாமல், பெண்களைப் பங்கு போட்டவர்கள்மேல் விழும்படி காட்சிகளை அடுக்குவதுதான் இயக்குநரின் பொறுப்பு. அதைச் செய்யாவிட்டால் அந்த நாடகமும் நல்ல பாட்டுக் கச்சேரியாக முடியும்.