விழிஞ்ஞம் படகு எஞ்சின்களின் சிலிண்டர் ஹெட்: அசல் பாகமும் உள்ளூர்ப் பட்டறை வேலையும்

சிலிண்டர் ஹெட் என்பது எஞ்சின் சிலிண்டரின் மேல்வாயை மூடி, எரிபொருள் எரியும் அறைக்குக் கூரையாக அமையும் உலோகப் பாகம். திருவனந்தபுரத்துக்குத் தெற்கே சுமார் 16 கி.மீ. தொலைவிலுள்ள விழிஞ்ஞம் மீன்பிடித் துறைமுகத்தில் ஓடும் சிறு படகுகள் பெரும்பாலும் பின்பலகையில் மாட்டும் அவுட்போர்டு எஞ்சினை நம்பியிருப்பவை. அவற்றின் ஹெட் அலுமினியக் கலவையால் வார்க்கப்பட்டது. அது வளைந்தாலோ, அரித்தாலோ, சிலிண்டருக்கும் அதற்கும் இடையிலுள்ள கேஸ்கெட் போனாலோ படகுக்காரர் முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. நிறுவனத்தின் அசல் ஹெட்டை வாங்கலாம், அல்லது பழையதையே பட்டறையில் ‘பேசிங்’ செய்து, அதாவது அடிமுகத்தைச் சமமாகச் சீவி, மாட்டலாம். அதோடு ‘போர்ட்டிங்’ செய்தால் இழுவை கூடும் என்ற பேச்சும் சேர்ந்துகொள்ளும். இந்த மூன்றில் எதற்குக் கொடுக்கும் பணம் திரும்பி வரும் என்பதே இங்கு ஆராயப்படுகிறது.

எஞ்சின் வந்த வழி

கேரளத்தில் விசைப்படகு முயற்சி 1953-இல் நீண்டகரைப் பகுதியில் இந்திய-நார்வே திட்டத்தோடு தொடங்கியது. அது டீசல் எஞ்சின் பொருத்திய உள்பொறிப் படகுகளின் கதை. கட்டுமரமும் வள்ளமும் ஓட்டிய விழிஞ்ஞம் போன்ற தென்கரை ஊர்களுக்கு அது பெரிதாக எட்டவில்லை. இங்கே மாற்றத்தைக் கொண்டுவந்தது 1980-களின் தொடக்கத்தில் பரவிய அவுட்போர்டு எஞ்சின்தான். அதே காலத்தில் ஒட்டுப்பலகைப் படகுகளும், பின்னர் கண்ணாடியிழைப் படகுகளும் வந்தன. 1980-இல் உருவான தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும், 1984-இல் கேரள அரசு அமைத்த மத்ஸ்யஃபெடும் எஞ்சின் விற்பனை, உதிரிபாகம், பழுதுபார்ப்பு ஆகியவற்றைக் கையிலெடுத்தன. யமஹா, சுசுகி என்ற ஜப்பானியப் பெயர்கள் கரையோரப் பேச்சில் சாதாரணச் சொற்களாயின.

விழிஞ்ஞத்தின் பருவம் மற்ற ஊர்களின் பருவத்துக்கு நேர்மாறானது. தென்மேற்குப் பருவமழையில் திறந்த கரைகளில் படகிறக்க முடியாது. அலை தடுப்பும் இயற்கையான வளைகுடாவும் உள்ள விழிஞ்ஞத்துக்கு அப்போது மாவட்டத்தின் மற்றக் கரையூர்ப் படகுகளும் வந்து சேரும். ஜூன் முதல் ஆகஸ்டு வரை எஞ்சின் ஓயாமல் ஓட வேண்டும். அந்த மூன்று மாதத்தில் ஒரு ஹெட் கேஸ்கெட் போனால் இழப்பு அந்த ஒரு நாளோடு நிற்பதில்லை. ஆகவே ஹெட் பற்றிய முடிவை மே மாதத்திலேயே எடுத்துவிடுவது புத்திசாலித்தனம்.

போர்ட் எங்கே இருக்கிறது

போர்ட்டிங் என்பது காற்றும் எரிபொருளும் உள்ளே வரும் வழியையும், புகை வெளியேறும் வழியையும் அரைத்தும் மெருகேற்றியும் வடிவம் மாற்றும் வேலை. கார், புல்லட் மோட்டார் சைக்கிள் போன்ற நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின்களில் இந்த வழிகள் ஹெட்டுக்குள் இருக்கின்றன. வால்வும் அங்கேதான். விழிஞ்ஞத்தில் நீண்டகாலம் கோலோச்சிய அவுட்போர்டுகள் டூ ஸ்ட்ரோக். அவற்றின் போர்ட்டுகள் சிலிண்டர் சுவரிலேயே வெட்டப்பட்டிருக்கும். பிஸ்டன் ஏறி இறங்கும்போது அவற்றைத் திறந்து மூடும். ஹெட்டில் வால்வு கிடையாது. எரியறையின் குழிவு, ஸ்பார்க் பிளக் துளை, குளிர்நீர் ஓடும் பள்ளங்கள் ஆகியவையே அதில் இருப்பவை. எனவே டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் ‘ஹெட் போர்ட்டிங்’ என்று யாராவது பணம் கேட்டால், செய்யப்போவது என்ன என்று விளக்கமாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சிலிண்டரில் செய்யும் போர்ட்டிங் வேறு கதை. 1985-இல் வந்த யமஹா ஆர்எக்ஸ் 100 பைக்கைத் தமிழ்நாட்டு மெக்கானிக்குகள் இரு தலைமுறையாகப் போர்ட்டிங் செய்துவந்திருக்கிறார்கள். புகைப் போர்ட்டின் மேல்விளிம்பை ஒரு மில்லிமீட்டர் உயர்த்தினால் எஞ்சின் அதிகச் சுழற்சியில் வேகமெடுக்கும். அதற்கு ஈடாகக் குறைந்த சுழற்சியில் இழுவை போய்விடும். பந்தயத்தில் அது லாபமான பேரம். வலையும் பனிக்கட்டியும் ஆட்களும் ஏற்றிக்கொண்டு அலையை எதிர்த்துப் புறப்படும் படகுக்கு அது நட்டம். படகுக்குத் தேவைப்படுவது குறைந்த, நடுத்தரச் சுழற்சியில் கிடைக்கும் தள்ளுவிசை. ஒரு முறை உயர்த்திய விளிம்பை மறுபடி கீழிறக்க வழியும் இல்லை. சிலிண்டருக்குள் புது ஸ்லீவ் போட வேண்டியிருக்கும்.

மண்ணெண்ணெயும் அழுத்த விகிதமும்

விழிஞ்ஞம் எஞ்சினின் ஹெட்டைப் புரிந்துகொள்ள எரிபொருளைப் புரிந்துகொள்ள வேண்டும். இந்த எஞ்சின்கள் பெட்ரோலில் கிளம்பி, சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றப்படுபவை. இந்தியாவில் விற்கும் சாதாரணப் பெட்ரோலின் ஆக்டேன் எண் 91-க்குக் குறையாது. மண்ணெண்ணெயின் எண் அதற்கு மிகக் கீழே. ஆக்டேன் குறைந்த எரிபொருள் அதிக அழுத்தத்தைத் தாங்காது. தீப்பொறி பற்றவைத்த சுடர் போய்ச் சேருமுன் மூலையில் மிஞ்சிய கலவை தானே வெடிக்கும். அதைத்தான் மெக்கானிக்குகள் ‘நாக்கிங்’ என்கிறார்கள். அந்தத் தட்டல் பிஸ்டன் தலையைத் தின்னும், ரிங் உட்காரும் விளிம்பை உடைக்கும். இதனால்தான் மண்ணெண்ணெய் மாடலுக்கென நிறுவனங்கள் எரியறை பெரிதாக, அழுத்த விகிதம் குறைவாக உள்ள ஹெட்டைத் தருகின்றன. பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும் பெட்ரோல் ஹெட்டை மண்ணெண்ணெய் எஞ்சினில் மாட்டினால் சேதம் நிச்சயம்.

இப்போது பேசிங்குக்கு வருவோம். ஹெட்டின் அடிமுகத்தைச் சீவினால் எரியறையின் கொள்ளளவு குறையும், அழுத்தம் ஏறும். எவ்வளவு என்பதைக் கணக்கிட்டே பார்க்கலாம். 60 மி.மீ. போரும் (உள்விட்டம்) 60 மி.மீ. ஸ்ட்ரோக்கும் உள்ள சிலிண்டரின் கொள்ளளவு ஏறத்தாழ 170 சி.சி. எரியறை 34 சி.சி. என்றால், இரண்டையும் கூட்டி 34-ஆல் வகுக்க அழுத்த விகிதம் 6. எரியறையின் வாய் 50 மி.மீ. விட்டம் கொண்டதாயின், அரை மில்லிமீட்டர் சீவும்போது 1 சி.சி. குறையும், விகிதம் 6.15 ஆகும். இது பெரிய ஆபத்தில்லை. ஆனால் அதே ஹெட் மூன்று வருடத்தில் மூன்று முறை லேத்துக்குப் போயிருந்தால் எரியறை 31 சி.சி.க்கு இறங்கி, விகிதம் 6.5-ஐ நெருங்கும். மண்ணெண்ணெயில் ஓடும் எஞ்சினுக்கு இந்த வித்தியாசம் உறுத்தும். இரண்டு சிலிண்டர் ஹெட்டை லேத்தில் சாய்வாகப் பிடித்துச் சீவினால் ஒரு சிலிண்டர் மட்டும் அதிக அழுத்தம் பெறும், அந்தப் பக்கத்துப் பிஸ்டன் முதலில் போகும். பட்டறைகளில் பழைய ஹெட்டின் வரலாறு எழுதிவைக்கப்படுவது அரிது. முன்பு எவ்வளவு சீவினார்கள் என்று தெரியாமலே அடுத்தவர் சீவுவதுதான் பேசிங்கின் உண்மையான குறை. அதைச் செய்யும் ஆளின் கைத்திறனில் குறை சொல்வதற்கில்லை.

உப்புநீர்

கடல்நீரைக் குளிர்நீராக எடுக்கும் எஞ்சினில் ஹெட் கெடுவதற்கு முக்கியக் காரணம் உப்பு. நீர்ப்பள்ளங்களில் உப்பும் மணலும் படிந்து ஓட்டம் குறையும். தண்ணீர் பம்பின் ரப்பர் இம்பெல்லர் தேய்ந்தால் ஓட்டம் இன்னும் குறையும். எஞ்சின் சூடேறி, அலுமினிய ஹெட் வளையும். இரும்பு போல்ட்டும் அலுமினியமும் உப்புநீரில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருப்பதால் மின்வேதி அரிப்பு உண்டாகி, போல்ட் துளைக்குள்ளேயே இறுகிவிடும். கழற்றும்போது முறியும் போல்ட்டை ட்ரில் போட்டு எடுப்பதிலேயே பாதி நாள் போகும். கேஸ்கெட் உட்காரும் முகத்தில் அரித்த குழிகள் விழுந்துவிட்டால் சீவி மட்டும் சரிசெய்ய முடியாது. ஆர்கான் வெல்டிங்கில் நிரப்பிப் பிறகு சீவ வேண்டும். வெல்டிங் சூட்டில் ஹெட் மறுபடி வளையும் என்பதால் வெல்டிங் முதலில், பேசிங் கடைசியில் என்ற வரிசை மாறக்கூடாது.

வளைவை அறிய விலையுயர்ந்த கருவி வேண்டாம். ஹெட்டின் முகத்தில் நேர்விளிம்புக் கோலைக் குறுக்காகவும் மூலைவிட்டமாகவும் வைத்து, அடியில் ஃபீலர் கேஜின் தகட்டை நுழைத்துப் பார்க்க வேண்டும். பொதுவாக 0.1 மி.மீ. தகடு நுழையாத வரை ஹெட் நலமாக இருக்கிறது என்று கொள்ளலாம். அதற்குச் சற்று மேல் வளைந்திருந்தால் லேத்துக்கே போகத் தேவையில்லை. தடித்த கண்ணாடிப் பலகையில் 400 முதல் 600 வரையிலான நீர் எமரித் தாளை விரித்து, ஹெட்டை எட்டு போன்ற வளைவில் மெல்லத் தேய்ப்பார்கள். கொஞ்சம் தேய்த்ததும் திருப்பிப் பார்த்தால் மேட்டுப் பகுதி வெள்ளியாக மின்னும், பள்ளம் கறுப்பாகவே நிற்கும். கறுப்பு முழுதும் போகும்வரை தேய்த்தால் போதும். பொறுமை மட்டுமே செலவாகும் இந்த வேலையில் சீவப்படும் உலோகம் லேத்தில் போவதைவிட மிகக் குறைவு. இதை ஒழுங்காகச் செய்யும் மெக்கானிக் கரையூருக்கு ஒருவர் இருந்தாலே பல ஹெட்டுகளின் ஆயுள் நீளும்.

போர்ட்டிங் எங்கே காசு பெறும்

நுட்ப இயந்திரத்தில் கடைந்த விலையுயர்ந்த ஹெட் தன் விலைக்கு நியாயம் செய்யும் களமும் உண்டு. ஸ்ரீபெரும்புதூருக்கு அருகே இருங்காட்டுக்கோட்டையில் 1990-இல் திறந்த பந்தயப் பாதை, கோவை செட்டிபாளையத்திலுள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே ஆகியவற்றில் நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் ஒரு சுற்றுக்கு ஒரு வினாடியின் சிறு பங்கைக் குறைப்பதற்காகவே திருத்தப்படுகிறது. கணினி இயக்கும் இயந்திரம் வெட்டிய ஹெட்டில் நான்கு சிலிண்டரின் வழிகளும் ஒரே அளவில் இருக்கும். ஒன்றில் சோதித்துக் கண்ட வடிவத்தை மற்றதில் அப்படியே பெறலாம். கையில் டை கிரைண்டர் பிடித்துச் செய்யும் போர்ட்டிங்கில் அந்த ஒருமை கிடைப்பது கடினம். ஆனாலும் காற்றோட்டச் சோதனை மேசை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் ஓட்டத்தை அளந்து வேலைசெய்யும் உள்ளூர்க் கைவினைஞர், அளக்காமல் விற்கப்படும் இறக்குமதி ஹெட்டை வெல்வார். வழியைப் பெரிதாக்குவது மட்டுமே போர்ட்டிங் என்று நினைப்பது தவறு. அளவுக்கு மீறிப் பெரிதானால் காற்றின் வேகம் குறைந்து, சிலிண்டர் நிரம்புவதும் குறையும். வால்வு உட்காரும் இருக்கையை 30, 45, 60 பாகையில் மூன்று கோணமாக வெட்டிச் சரியாக அமைப்பது, கண்ணாடிபோல் மெருகேற்றுவதைவிட அதிகப் பயன் தருவது.

எல்லாப் பந்தயத்துக்கும் இது பொருந்தாது. 2021-இல் ராயல் என்ஃபீல்டு தொடங்கிய கான்டினென்டல் ஜிடி கோப்பைப் பந்தயத்தில் எல்லோரும் ஒரே மாதிரி 650 சி.சி. வண்டியை ஓட்டுகிறார்கள். அங்கே ஓட்டுநரின் திறமைதான் போட்டியிடுகிறது, ஹெட் போட்டியிடுவதில்லை.

பெட்ரோலுக்கு மாறும் காலம்

மீனவர்க்கான மானிய மண்ணெண்ணெய் ஒதுக்கீடு குறைந்து, விலையும் ஏறியது. 2022-இல் லிட்டருக்கு 100 ரூபாயைத் தாண்டியபோது, விழிஞ்ஞம் சரக்குத் துறைமுகக் கட்டுமானத்தை எதிர்த்து நடந்த போராட்டத்தின் கோரிக்கைகளில் மானிய மண்ணெண்ணெயும் ஒன்றாக இருந்தது. மண்ணெண்ணெய்க்கென அமைத்த எஞ்சினைப் பெட்ரோலில் மட்டும் ஓட்டத் தீர்மானித்தவருக்கு, ஹெட் மாற்றம் முதன்முறையாகப் பொருள் தரும் முதலீடாகிறது. பெட்ரோல் மாடலின் அழுத்தம் கூடிய அசல் ஹெட்டும் அதற்கேற்ற கார்புரேட்டர் ஜெட்டும் போட்டால், அதே எரிபொருளில் கூடுதல் வேலை கிடைக்கும். ஜெட்டை மாற்றாமல் ஹெட்டை மட்டும் மாற்றினால் பாதி பயன்கூடக் கிட்டாது.

நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டு பரவுவதால் கணக்கு மறுபடி மாறுகிறது. அதன் ஹெட்டில் வால்வும் கேம்ஷாஃப்டும் இருக்கின்றன. கீழ்முகத்தைச் சீவினால் கேம்ஷாஃப்ட் கிராங்கை நோக்கி நெருங்கி, வால்வு திறக்கும் நேரம் தள்ளிப்போகும். வால்வுக்கும் பிஸ்டனுக்கும் உள்ள இடைவெளியும் சுருங்கும். கண்ணாடிப் பலகை வைத்தியம் இங்கே எல்லா நேரத்திலும் செல்லாது.

விலை பெறுமா

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் வீசியபோது விழிஞ்ஞம், பூந்துறைக் கரைகளிலிருந்து போன பலர் திரும்பவில்லை. நடுக்கடலில் இருப்பவருக்கு எஞ்சின் நிற்காமல் ஓடுவதே முதல் தேவை. வேகம் அதற்குப் பின்தான். இந்த அளவுகோலில் பார்த்தால் டூ ஸ்ட்ரோக் படகு எஞ்சினுக்குப் போர்ட்டிங் செலவு வீண். முதல்முறை வளைந்த, அரிப்பில்லாத ஹெட்டுக்கு உள்ளூர் பேசிங் போதுமானது, மலிவானது, நம்பத்தக்கது. இரண்டு முறை சீவப்பட்ட ஹெட், நீர்ப்பள்ளத்துக்கும் எரியறைக்கும் இடையிலான சுவர் அரித்த ஹெட், மண்ணெண்ணெயில் தட்டும் ஹெட் ஆகியவற்றைத் தூக்கிப்போட்டு அந்த மாடலுக்குரிய அசல் ஹெட்டை வாங்குவதே சிக்கனம். மானிய மண்ணெண்ணெய் பெறுவதற்கான அனுமதியில் எஞ்சினுக்கு விதிக்கும் வயது வரம்பை நெருங்கிய எஞ்சினுக்கு மட்டும் இது பொருந்தாது. அதில் பெருஞ்செலவு செய்யாமல் அடுத்த எஞ்சினுக்குச் சேர்ப்பது நல்லது. பேசிங் செய்யும் ஒவ்வொரு முறையும் எவ்வளவு சீவப்பட்டது என்பதை ஹெட்டின் வெளிப்பக்கத்திலேயே எண்ணாகப் பொறித்துவைக்கும்படி பட்டறைக்காரரிடம் கேளுங்கள்.